உப்பும் சிறுநீரகத்தின் களஞ்சியமும்



2025 மார்ச் மாத இறுதியில் ஆனையிறவில் மேசையுப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. பொதியில் அச்சிட்ட ‘ரஜ லுணு’ என்ற பெயரைப் பார்த்ததும் வடக்கில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆனையிறவில் விளையும் உப்புக்கு ஆனையிறவின் பெயர் இருக்கவேண்டும் என்று கேட்டதில் எந்தத் தப்பும் இல்லை. அதே ஆண்டில் நாடு முழுவதும் உப்புத் தட்டுப்பாடு வந்து, கடல் சூழ்ந்த இந்தத் தீவு இந்தியாவில் இருந்து உப்பை இறக்கியது. இப்படி உப்பைப் பற்றி அந்த ஆண்டு முழுக்கக் கதைத்தோம். விலையைக் கதைத்தோம், பெயரைக் கதைத்தோம், உரிமையைக் கதைத்தோம். அந்த உப்பு வாய்க்குள் போன பிறகு என்ன செய்கிறது என்பதை மட்டும் கதைக்கவில்லை. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டது அந்த மிச்சக் கதைதான்.

நான் வார்டில் நின்று நோயாளரைப் பார்ப்பவன் அல்லன், உடற்றொழிலியல் படிப்பிப்பவன். இதைத் தமிழில் சொல்ல முடியுமா என்று அழைத்தவர்கள் சற்றுத் தயங்கினார்கள். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, தமிழில் பாடநூல்களும் அச்சிட்ட மண் இது. ஆகவே தயங்க ஒன்றும் இல்லை.

முதலில் ஒரு கணக்கு. நல்ல நிலையில் உள்ள இரண்டு சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லீற்றர் நீரை இரத்தத்தில் இருந்து வடிக்கின்றன. அந்த நீரோடு வடியும் உப்பு ஒன்றரைக் கிலோ அளவில் வரும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை, பல வேளை அதற்கும் மேலே, சிறுநீரகம் திரும்ப இழுத்து இரத்தத்தில் சேர்த்துவிடுகிறது. மிஞ்சும் சில கிராம்தான் சிறுநீரில் போகிறது. உப்பு உடலுக்கு எவ்வளவு அரிய பொருளாக இருந்திருந்தால் இத்தனை பாடுபட்டு மீட்டெடுக்கும் ஏற்பாடு அமைந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நம் முன்னோர் மிக நீண்ட காலம் உப்புக் கிடைக்காத உணவை உண்டு வாழ்ந்தவர்கள். கையில் உப்புப் பொதியோடு நாம் வந்தது நேற்று.

இந்த மீட்பு வேலைக்கு உத்தரவு கொடுக்கும் ஓமோன்களில் முதலாவது றெனின். 1898இல் ஸ்ரொக்ஹோமில் ரொபேட் ரிகெஸ்ரெட் என்ற பின்லாந்து உடற்றொழிலியலாளரும் அவருடைய மாணவர் பெர் பேர்க்மனும் முயலின் சிறுநீரகத்தை அரைத்துச் சாறெடுத்து, இன்னொரு முயலின் நாளத்தில் செலுத்திய சோதனையை வெளியிட்டார்கள். முயலின் இரத்த அழுத்தம் ஏறியது. சாற்றில் இருந்த பொருளுக்கு றெனின் என்று பெயர் வைத்தார்கள். பிறகு அதை எல்லோரும் மறந்துபோனார்கள். 1934இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஹரி கோல்ட்பிளாட் நாயின் சிறுநீரக நாடியை ஒரு சிறிய பிடியால் நெருக்கி, நெருக்கிய நாயின் அழுத்தம் ஏறி நிலைப்பதைக் காட்டிய பிறகுதான் ரிகெஸ்ரெட்டின் பெயர் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. கண்டுபிடித்தவர் உயிரோடு இருக்கும்போது கிடைக்காத மதிப்பு விஞ்ஞானத்திலும் உண்டு.

றெனின் தானாக அழுத்தத்தை ஏற்றுவதில்லை. அது ஒரு நொதியம். ஈரலில் உருவாகி இரத்தத்தில் மிதக்கும் ஒரு பெரிய புரதத்தை வெட்டி ஒரு துண்டை எடுக்கிறது. அந்தத் துண்டை, முக்கியமாக நுரையீரலில், வேறொரு நொதியம் மேலும் வெட்ட, அஞ்சியோடென்சின் 2 உருவாகிறது. இது இரத்தக் குழாய்களை இறுக்கும், தாகத்தைக் கிளப்பும், சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அதிரீனற் சுரப்பியில் இருந்து அல்டொஸ்டெரோனை வெளியேற்றும். அல்டொஸ்டெரோன் வந்ததும் சிறுநீரகம் உப்பை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறசர் கிளினிக்கில் உங்களுக்குத் தரும் எனலாபிரில், லொசாட்டான் குளிசைகள் இந்தச் சங்கிலியின் கண்ணிகளைத்தான் அறுக்கின்றன. அந்த வகைக் குளிசையில் முதலாவது, கப்டொப்பிரில், பிரேசில் நாட்டு விரியன் ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகப் பிறந்தது. நம் வயல்களில் கண்ணாடி விரியன் கடித்தால் சிறுநீரகம் செயலிழக்கும் ஆபத்து உண்டு. அதன் தூரத்து உறவினம் ஒன்று சிறுநீரகத்துக்கான மருந்துக்கு வழிகாட்டியிருக்கிறது.

இனி இன்றைய பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். றெனின் எங்கே இருக்கிறது, எவ்வாறு சேமிக்கப்படுகிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து இலட்சம் அளவில் நுண் வடிகட்டிகள் உள்ளன. பள்ளிக்கூடத்தில் கலன்கோளம் என்று படித்திருப்பீர்கள். கலன்கோளத்துக்குள் இரத்தத்தைக் கொண்டுவரும் புன்னாடி அதன் வாசலை அடையும் இடத்தில், நாடிச் சுவரின் தசைக் கலங்கள் சில, தசைத் தொழிலைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, றெனினை உருவாக்கும் கலங்களாக மாறியிருக்கின்றன. அவற்றின் உடல் முழுக்க நுண் சிறுமணிகள். அந்தச் சிறுமணிகளுக்குள்தான் றெனின் பொதியப்பட்டுக் கிடக்கிறது. கலம் முதலில் செய்வது றெனினின் முழுமையடையாத முன்வடிவத்தை. அதில் ஒரு பங்கு சிறுமணிக்குள் போகாமல் நேரே இரத்தத்தில் கசிந்துகொண்டே இருக்கும். மற்றப் பங்கு சிறுமணிக்குள் போய், அங்கே முன்பகுதி வெட்டப்பட்டு, வேலை செய்யக்கூடிய றெனினாகி, அழைப்பு வரும்வரை காத்திருக்கும்.

1953இல் கனடாவின் ரொறன்ரோவில் பிலிஸ் ஹாட்றொவ்ற், ஸ்ரான்லி ஹாட்றொவ்ற் என்ற தம்பதியர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். எலிகளில் சிலவற்றுக்கு உப்புக் குறைந்த தீனி, சிலவற்றுக்கு உப்பு மிகுந்த தீனி. பிறகு சிறுநீரகத்தை மெல்லிய துண்டுகளாகச் சீவி, சிறுமணிகள் தெரியும்படி சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் வைத்து எண்ணினார்கள். சும்மா பார்த்து ‘கூட’, ‘குறைய’ என்று சொல்லாமல், கலங்களைச் சிறுமணியின் அளவால் தரம் பிரித்து ஒரு சுட்டெண்ணாகக் கணக்கிட்டது அவர்களுடைய கெட்டித்தனம். உப்புக் குறைந்த தீனி தின்ற எலிகளில் சிறுமணிகள் பெருகியிருந்தன. உப்பு மிகுந்த தீனி தின்றவற்றில் வற்றிப்போயிருந்தன. அதே ஆண்டில் இலண்டனில் சில்வியா சிம்சனும் ஜேம்ஸ் ரெயிற்றும் அல்டொஸ்டெரோனைப் பிரித்தெடுத்தார்கள். இரு குழுவினரும் ஒரே சங்கிலியின் இரு முனைகளைப் பிடித்திருந்தார்கள். இரண்டும் ஒரே சங்கிலி என்பது தெளிவாகச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஹாட்றொவ்ற் தம்பதியர் கண்டதில் ஒரு முரண் இருக்கிறது. நம் கொம்பறையை எடுத்துக்கொள்ளுங்கள்: நெல் விளைந்த காலத்தில் நிரம்பும், பஞ்சத்தில் வெறுமையாகும். சிறுநீரகத்தின் இந்தக் கொம்பறை நேர்மாறாக நடக்கிறது. உப்புப் பஞ்சத்தில்தான் அது நிரம்புகிறது, அதுவும் இரவுபகலாக வெளியே அள்ளிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே. எப்படி? உப்புக் குறைந்த முதல் சில மணி நேரத்துக்கு ஏற்கெனவே சேர்த்த சிறுமணிகள் போதும். குறைவு நாட்கணக்கில் தொடர்ந்தால் கலத்தின் கருவிலேயே றெனின் மரபணுவின் வேலை கூடுகிறது. வெளியேறுவதைவிட வேகமாக உற்பத்தி ஏறுகிறது. அதுவும் போதாவிட்டால் அயலில் சாதாரண தசைக் கலங்களாக இருந்தவையும் றெனின் செய்யத் தொடங்குகின்றன. வாசலில் மட்டும் இருந்த றெனின் கலங்கள் புன்னாடி வழியே மேல்நோக்கிப் படர்கின்றன. கருவில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தில் பெரிய நாடிகளிலும் றெனின் கலங்கள் இருக்கும். பிறந்து வளர வளர அவை வாசலுக்கு ஒடுங்கும். தேவை வந்தால் முதிர்ந்த கலம் தன் பழைய வேலையை மறக்கவில்லை என்று காட்டிவிடுகிறது.

உப்பு மிகுந்தால் இதெல்லாம் திரும்பும். மரபணு அடங்கும், சிறுமணிகள் குறையும், படர்ந்த கலங்கள் தசையாகத் திரும்பும்.

வெளியேற்றுவதற்கான உத்தரவுகள் மூன்று வழியால் வருகின்றன. புன்னாடிக்குள் அழுத்தம் தாழ்ந்தால் சுவரின் இழுவை குறைவதைக் கலம் தானே உணரும். பரிவு நரம்பு மண்டலம் உசாரானால் நரம்பு நுனியில் இருந்து செய்தி வரும். பயத்திலும் குருதி இழப்பிலும் இது வேலை செய்யும். மூன்றாவது வழிதான் உப்புக்கே உரியது. வடிந்த நீர் நீண்ட குழாயில் சுற்றி வந்து, தான் புறப்பட்ட அதே கலன்கோளத்தின் வாசலைத் தொட்டுக்கொண்டு போகிறது. தொடும் இடத்தில் நெருக்கமாக அடுக்கிய ஒரு கலத்திட்டு இருக்கிறது. அது கடந்துபோகும் நீரில் உள்ள குளோரைட்டைப் பார்க்கிறது. உப்பின் பாதி குளோரைட் அல்லவா? குளோரைட் குறைந்தால் அந்தத் திட்டு ஒரு புரொஸ்ரகிளாண்டினைச் சுரந்து, பக்கத்தில் இருக்கும் றெனின் கலத்துக்குச் சொல்கிறது: திற. குளோரைட் கூடினால் அந்தக் கட்டளை நின்று, மூடு என்ற வேறு இரசாயனச் செய்தி போகிறது. புரொஸ்ரகிளாண்டின் என்ற இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வலி மாத்திரையைப் பற்றிக் கதைக்கும்போது திரும்ப வரும்.

மாணவர்களுக்காக ஒன்று. இன்சுலினைச் சுரக்கும் கலமாகட்டும், உமிழ்நீர்ச் சுரப்பியாகட்டும், கலத்துக்குள் கல்சியம் ஏறினால் சிறுமணிகள் வெளியே கொட்டும். சுரக்கும் கலங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் விதி. றெனின் கலத்தில் கல்சியம் ஏறினால் கொட்டுவது நிற்கும். அஞ்சியோடென்சின் 2 அந்தக் கலத்தின் கல்சியத்தை ஏற்றி, தன்னை உருவாக்கிய ஓமோனைத் தானே அடக்குகிறது. எனலாபிரில், லொசாட்டான் எடுப்பவர்களின் இரத்தத்தில் றெனின் ஏறியிருப்பதன் காரணமும் இதுதான்: அடக்குகிற கை எடுபட்டுவிட்டது. பரீட்சையில் இதைக் கேட்டால் பலர் வழுக்குவார்கள்.

இப்போது மனிதனுக்கு வருவோம். 1936இல் இலண்டனில் ரொபேட் மக்கான்ஸ் என்ற மருத்துவர் தன் தொண்டர்களோடு, தானும் சேர்ந்து, உப்பில்லாத உணவு உண்டு, சூட்டில் கிடந்து வியர்த்து, உடலின் உப்பை வேண்டுமென்றே இறக்கிப் பார்த்ததைப் பதிவுசெய்தார். சாப்பாட்டில் சுவை போய்விட்டது, தசை பிடித்துக்கொண்டது, படியேறக்கூடக் களைப்பு. வன்னியில் சிறுபோக அறுவடைக்கு வெயிலில் நின்றவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

மறுபக்கம் அமேசன் காட்டின் யனோமாமி மக்கள். உணவில் உப்புச் சேர்க்கும் பழக்கமே இல்லாதவர்கள். 1975இல் வெளிவந்த ஆய்வில் அவர்களுடைய சிறுநீரில் சோடியம் கிட்டத்தட்ட இல்லை என்று கண்டார்கள். றெனினும் அல்டொஸ்டெரோனும் நம்மோடு ஒப்பிட மிக உயர்வு. அழுத்தத்தை ஏற்றும் ஓமோன் அத்தனை இருந்தும் இரத்த அழுத்தம் ஏறவில்லை. 1988இல் 32 நாடுகளில் 52 இடங்களில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைச் சோதித்த இன்ரர்சோல்ற் ஆய்விலும் யனோமாமிகளின் மேல் அழுத்தம் சராசரியாக 100க்குக் கீழே இருந்தது. வயது ஏற ஏறவும் கூடவில்லை. இதற்கெல்லாம் முன்னர், 1940களில், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வோல்ற்றர் கெம்னர் கடுமையான இரத்த அழுத்த நோயாளருக்கு உப்பில்லாச் சோறு, பழம், சீனி என்று கொடுத்துப் பலரைக் காப்பாற்றினார். சலிப்பூட்டும் சாப்பாடு, ஆனால் வேறு நல்ல மருந்து இல்லாத காலத்தில் வேலை செய்தது.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்தது இருக்கிறது. றெனின் ஏறினாலே கேடு என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு ‘உப்பைக் குறைத்தால் றெனின் ஏறும், ஆகவே குறைக்காதே’ என்று வாதிப்பவர்களும் உண்டு. 2014இல் 17 நாடுகளில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பார்த்த பியூர் ஆய்வில், மிகக் கூடிய உப்போடு மிகக் குறைந்த உப்பும் ஆபத்தோடு தொடர்புபட்டிருந்தது. ஒரே ஒரு முறை எடுத்த சிறுநீரில் இருந்து நாள் முழுக்க உண்ட உப்பைக் கணித்தது சரியா, ஏற்கெனவே நோயுற்றவர்கள் குறைவாகச் சாப்பிட்டதால் அப்படித் தெரிந்ததா என்ற கேள்விகள் அதைப் பற்றி இன்றும் ஓயவில்லை. என்னுடைய தீர்ப்பு இது: உப்பு உண்மையில் குறைந்த உடலில் உயரும் றெனின், தன் வேலையைச் செய்கிற றெனின். அதனால் யனோமாமியின் நாடி கெடவில்லை. விலங்குச் சோதனைகளில் அல்டொஸ்டெரோனைக் கூட்டினால் இதயத்திலும் சிறுநீரகத்திலும் தழும்பு விழுவது, தீனியில் உப்பும் கூட இருக்கும்போதுதான். உப்பு நிறைந்த உடலிலும் அடங்க மறுக்கும் றெனின்தான் அழிவைச் செய்கிறது. நோயுற்ற சிறுநீரகத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன: பழுதான பகுதி இரத்தம் போதவில்லை என்று றெனினைச் சுரக்கிறது, உடலிலோ உப்பு வழிகிறது.

நியூயோர்க்கில் ஜோன் லாராவும் அவருடைய சகாக்களும் 1972இல் ஒரு வரைபைக் கொடுத்தார்கள். ஒரு நாள் சிறுநீரில் போன சோடியத்தைக் கிடைக்கோட்டிலும் இரத்த றெனினை நிலைக்கோட்டிலும் வைத்தால், உப்புக் கூடக் கூட றெனின் முதலில் செங்குத்தாக இறங்கி, பிறகு தட்டையாகிவிடும். அந்தத் தட்டைதான் நமக்குக் கவலை. உப்புக் குறைந்தால் ஏற்றுவதற்கு றெனினுக்கு இடம் நிறைய. உப்பு மிகுந்தால் இறங்குவதற்கு ஓர் எல்லைதான். அடி தட்டிய பிறகு இன்னும் இறங்க முடியாது. பஞ்சத்துக்கு உடல் செய்துவைத்த ஆயத்தம் மிகுதிக்குச் செய்துவைக்கப்படவில்லை. அதற்கப்பால் உண்ணும் ஒவ்வொரு கிராமையும் வெளியே தள்ளப் பலருடைய உடல் அழுத்தத்தை ஏற்றியாக வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவருக்குச் சொல்லும் எல்லை ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குக் குறைவு, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி. உலகச் சராசரி 10.8 கிராம் என்று அதே நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நாமும் அந்த எல்லைக்குள் நிற்பவர்கள் அல்லர். கறிக்குப் போடும் உப்பை மட்டும் எண்ணினால் கணக்குத் தப்பும். முல்லைத்தீவுக் கருவாடும் ஊறுகாயும் மோர்மிளகாயும் உப்பு என்று நாக்கே சொல்லும். காலையில் தேத்தண்ணியோடு சாப்பிடும் பாணில் உப்பு இருப்பதை நாக்குச் சொல்லாது. பின்னேரம் கடையில் வாங்கும் ரோல்ஸ், மிக்சர், பிள்ளைகள் கேட்கும் பக்கற் நூடில்ஸ் எல்லாம் அதே ரகம். பக்கற்றில் சீனி, உப்பு, கொழுப்புக்கு நிறக் குறியீடு போடும் விதி நம் நாட்டில் இருக்கிறது. சோடியம் என்று மில்லிகிராமில் போட்டிருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள், உப்பு வரும்.

இது பிறசர்க்காரர் எல்லோருக்கும் பொருந்தும் பொதுப் பேச்சு. வன்னிக்கு இன்னொரு பேச்சு இருக்கிறது, அது இதோடு முழுக்க ஒத்துப்போகாது.

காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் மதவாச்சி, பதவியா பக்கம் இருந்து வெளிச்சத்துக்கு வந்தது. வவுனியாவின் தென்பகுதியும் முல்லைத்தீவின் மணலாறுப் பக்கமும் அந்த வலயத்தோடு ஒட்டிக் கிடக்கின்றன. நோய் மாவட்ட எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவோடு அனுராதபுரம், பொலன்னறுவை, பதுளை மாவட்டங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, ஆண்களில் 12.9 வீதத்தினருக்கும் பெண்களில் 16.9 வீதத்தினருக்கும் இந்த நோய் இருப்பதாகச் சொன்னது. முற்றிய நிலையில் ஆண்கள் கூட. நீரிழிவும் இல்லை, ஆரம்பத்தில் பிறசரும் இல்லை, சிறுநீரில் புரதமும் அவ்வளவாகப் போகாது. ஆகவே தெரியவரும்போது பாதி சிறுநீரகம் போயிருக்கும். கிணற்று நீரின் கடினம், புளோரைட், விவசாய நஞ்சு, வெப்பம் என்று பலவற்றை ஆராய்ந்திருக்கிறார்கள். தனியொரு குற்றவாளி இன்னும் அகப்படவில்லை.

மத்திய அமெரிக்காவில் கரும்பு வெட்டுவோருக்கும் இதை ஒத்த நோய் உண்டு. எல் சல்வடோரில் எட்டு நோயாளரின் சிறுநீரகத் துண்டுகளைப் பார்த்து சுவீடன் ஆய்வாளர்கள் 2013இல் எழுதியபோது, பலருக்கு இரத்தத்தில் பொற்றாசியம் குறைந்திருந்ததைக் கவனித்தார்கள். அல்டொஸ்டெரோன் கூடினால் பொற்றாசியம் சிறுநீரில் போகும். நாள்தோறும் வியர்த்து, உப்பும் நீரும் இழந்து, றெனின் சங்கிலி ஓயாமல் இழுபடுவதும் அந்தத் தழும்புகளுக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். அதே குழு 2018இல் இலங்கை நோயாளர் 11 பேரிடம் பார்த்தபோது நிறைய ஒற்றுமையும் சில வேற்றுமையும் கண்டது. இது நிறுவப்பட்ட காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் காலை ஏழு மணிக்கு வரம்பில் இறங்கி, கேத்திலில் வெள்ளையாகப் படியும் தண்ணீரை ருசி பிடிக்காமல் குறைத்துக் குடித்து, மத்தியானம்வரை வியர்க்கும் ஒருவரின் றெனின் கலங்கள் என்ன நிலையில் இருக்கும் என்பதை இதுவரை கேட்டவர்கள் ஊகிக்கலாம். உப்பு மிகுதியில் அல்ல, இழப்பில் அவை நாள்தோறும் திறந்து கிடக்கின்றன.

நோய் பிடித்த பிறகு இன்னொன்று. இந்த நோய் முதலில் தாக்குவது குழாய்களை. உப்பைத் திரும்ப இழுப்பது அந்தக் குழாய்களின் தொழில். அவை பழுதானால் சிலருக்கு உப்பைப் பிடித்துவைக்கவே முடியாமல் போகலாம். அப்படிப்பட்டவருக்கு ‘உப்பை ஒதுக்கு’ என்று சுவரொட்டி பார்த்துச் சொல்வது சரியான ஆலோசனை ஆகாது. பிறசர் கூடிக் கால் வீங்கிய நோயாளருக்கோ உப்பைக் குறைப்பது மருந்துக்குச் சமம். உப்பைக் குறைத்தால்தான் எனலாபிரிலும் லொசாட்டானும் முழுப் பலன் தரும். ஒரே கிளினிக்கில், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இருவருக்கு உப்பு விடயத்தில் இருவேறு அறிவுரை தேவைப்படலாம். அதை மருத்துவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும், அயலவர் அல்ல.

2009இன் முதல் மாதங்களில், போரின் கடைசிக் கட்டத்தில், இந்த வன்னி மண்ணில் மக்கள் அரிசியும் தண்ணீரும், கிடைத்தால் உப்பும் போட்ட கஞ்சியில் உயிர் வைத்திருந்தார்கள். பசி, தாகம், குருதி இழப்பு, பயம்: றெனினைத் திறக்கும் வழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்த உடல்கள் அவை. இந்த ஓமோன் இருப்பது எதற்கு என்று என் மாணவர்கள் கேட்டால் அந்த மாதங்களைத்தான் சொல்வேன். அன்று பிழைத்த உடல்கள்தான் இன்று கிளினிக் வரிசையில் நிற்கின்றன.

வலி மாத்திரைக்கு வருகிறேன். நாற்று நட்டு, பொதி சுமந்து, இடுப்பு நோவோடு பாமசிக்குப் போனால் டைக்ளோபெனாக், இபுபுறோபென் போன்றவை சீட்டு இல்லாமலே கையில் வந்துவிடுகின்றன. அவை வலியை நிறுத்துவது புரொஸ்ரகிளாண்டினை நிறுத்தி. சற்று முன் நான் மனதில் வைக்கச் சொன்ன அதே பொருள். உடலில் உப்பும் நீரும் குறைந்த நேரத்தில், கலன்கோளத்துக்கு இரத்தம் வரும் வாசலைத் திறந்துவைத்திருப்பது அதுதான். வெளியேறும் பக்கத்தை இறுக்கி வடிகட்டும் அழுத்தத்தைத் தாங்குவது அஞ்சியோடென்சின். வியர்த்து வற்றிய உடலில் வலி மாத்திரை போட்டால் முதல் தாங்கல் போகும். எனலாபிரிலோ லொசாட்டானோ எடுப்பவராக இருந்தால் இரண்டாவதும் ஏற்கெனவே போயிருக்கும். சிறுநீர் போக்கும் குளிசையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். சில நாட்களில் சிறுநீரகம் படுத்துவிடலாம். வன்னியில் உப்புப் பிரச்சினையைவிட இந்தப் பிரச்சினை பெரிதென்று நினைக்கிறேன், அதைப் பற்றிப் பேசுபவர்கள் மிகக் குறைவு.

இன்னொன்று, ‘சோடியம் குறைந்த உப்பு’. சாதாரண உப்பில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொற்றாசியம் குளோரைட்டைச் சேர்த்தது. சீனாவின் 600 கிராமங்களில் 20,995 பேரிடம் செய்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. பக்கவாதம் 14 வீதம் குறைந்தது. மிக நல்ல முடிவு. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, காரணத்தோடுதான். பழுதான சிறுநீரகம் பொற்றாசியத்தைச் சரிவர வெளியேற்றாது. எனலாபிரிலும் லொசாட்டானும் அதைத் தேக்கும். தேங்கினால் இதயம் திடீரென நிற்கலாம். வெளிநாட்டில் இருந்து பிள்ளைகள் அன்போடு அனுப்பும் பொதிகளில் அந்த உப்பு வந்தால், சிறுநீரகச் சோதனை செய்யாமல் சமையலில் போட வேண்டாம்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். வீட்டில் வயலுக்குப் போகிறவர் இருந்தால், அவருக்குப் பிறசர் இல்லை என்பதை வைத்துச் சிறுநீரகம் சுகம் என்று எண்ணிவிடாதீர்கள். அடுத்த முறை அரச ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இரத்தத்தில் கிறியற்றினின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அங்கே காசு கேட்கமாட்டார்கள். பிறசர்க் குளிசை எடுப்பவருக்கு வயிற்றோட்டமோ சத்தியோ வந்தால், அந்த நாட்களில் குளிசையைத் தொடர்வதா நிறுத்துவதா என்று கிளினிக்கில் இன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இடுப்பு நோவுக்கு வலி மாத்திரை வாங்குமுன், நீங்கள் என்ன குளிசைகள் எடுக்கிறீர்கள் என்பதைப் பாமசியில் வாய்திறந்து சொல்லுங்கள்.